அசையாத சுருதி

"அப்பா, கள்ளக்குறிச்சி வந்துட்டேன். பொழுது சாயறதுக்குள்ள வூட்ல இருப்பேன். சரியா?"

போனுக்குள்ளிருந்து கனத்த ஒலி ஒன்று நீளமாக வந்தது. ஆமாம் என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு நடுவில் சுபாஷ் தனக்குத் தானே சிரித்துக்கொண்டான்.

"கேட்டுச்சாண்ணா?" என்றாள் தங்கை எழில்மதி. "வெச்சிடறேன். இங்க டவரு சரியா இல்ல."

அப்பா வேடியப்பனுக்குத் தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷனில் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாசலில் ஆள் வந்தால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

ஐ.டி.ஐ. படித்த சுபாஷ், பழைய ரேடியோ சாமான்களையும் ஒரு ஸ்பீக்கரையும் வைத்து மரப்பெட்டி ஒன்று செய்து கொடுத்தான். இரண்டே பொத்தான். கீழ்ச்சுருதி வந்தால் ஆமாம், மேல்சுருதி வந்தால் இல்லை. முதல் நாள் முழுக்க மனுஷர் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். அம்மா சாலம்மாள் அடுப்படியில் நின்று அழுதாள்.

பெட்டிக்கு ஒரே ஒரு குறை. வெயில் ஏறினால் அதன் சுருதியும் ஏறும், பனி இறங்கினால் அதுவும் இறங்கும். பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாதகமில்லை, எந்தப் பொத்தான் என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். மஸ்கட்டுக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போன சுபாஷுக்குத்தான் திண்டாட்டம். மத்தியானத்தில் அப்பா சொல்லும் ஆமாம், போனில் இல்லை மாதிரியே கேட்கும். மாத்திரை போட்டீங்களா என்று கேட்டுவிட்டு, வந்த பதில் எதுவென்று தெரியாமல் அன்று முழுக்கத் தவிப்பான்.

அதற்கு மருந்து ஒரு ரெசிஸ்டர். சூட்டுக்குத் தகுந்தபடி தானும் மாறி, சுருதியை ஓடவிடாமல் பிடித்து நிறுத்துகிற ரகம். கள்ளக்குறிச்சிக் கடைகளில் கிடைக்காத அதை மஸ்கட்டில் வரவழைத்து, வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய கூட்டாளி மாயவனிடம் மாசியில் கொடுத்தனுப்பினான். சுபாஷுக்கு ஒப்பந்தம் முடிய இன்னும் நாள் இருந்தது. நடுவில் விடமாட்டார்கள்.

மாயவன் ஊர் போய்ச் சேர்ந்த வாரமே சுருதி நின்றுவிட்டது. பங்குனி வெயிலுக்கும் நகரவில்லை. சித்திரை மத்தியானமான இன்றைக்கும் அதே கனம், அதே நீளம்.

மாயவன் பைக்கோடு வந்து காத்திருந்தான். "இளைச்சிட்டடா" என்றான். பெட்டி படுக்கையை வாங்கி வண்டியில் கட்டினான்.

கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறியது. சுபாஷ் அவன் காதருகில் குனிந்து கத்திப் பேசிக்கொண்டே வந்தான்.

"நல்லா வேல செஞ்சிருக்கடா. துளிகூட அசையல சுருதி. அங்க ரூம்ல எல்லாருக்கும் போட்டுக் காட்டினேன்."

மாயவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"நான் திரும்பப் போறதா இல்ல. இங்கயே எதுனா வேல பாத்துக்கறேன். மொதல்ல பொட்டியில மூணாவதா ஒரு பொத்தான் வெக்கணும். என் பேருக்கு."

"இன்னாத்துக்கு?"

"அவரு கூப்புட வேணாமா என்னிய? ஆபரேஷன் ஆனதுலேர்ந்து ஒரு தரம்கூட கூப்புடலியேடா."

வண்டியின் வேகம் குறைந்தது. அடுத்த வளைவில் மாயவன் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தான். இறங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே இருந்தான்.

"நான் அத மாட்டலடா."

"மாட்டலியா? அப்பறம் எப்டி சுருதி நிக்குது?"

"வர முடியாத எடத்துல கெடந்து ஒண்டியா துடிப்பேன்னு உங்கம்மாதான் சொல்ல வேணாம்னுச்சு. நேர்ல பாத்து என்னியே சொல்லச் சொல்லிச்சு."

சுபாஷ் சிரிக்கப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டது. "இன்னாடா உளர்ற? இப்பதானே பேசினாரு. பஸ் ஸ்டாண்டுல பேசிக்கினுதான இருந்தேன்."

"அது எழிலு போன்ல புடிச்சு வெச்ச சத்தம்டா. பொட்டிய அப்பாகூடவே பொதச்சிட்டோம்."