மை பிடிக்காத சட்டை

"முத்திரை இல்லாட்டி அது வெறும் தலைகணி," என்றார் முத்திரை குத்தும் உத்தியோகத்தர் அப்புத்துரை. குறிகட்டுவான் இறங்குதுறைக் கொட்டிலுக்குள் மேசை போட்டு, மைப்பெட்டியும் முத்திரைக் கட்டையுமாக, அரசாங்கமே வந்து குந்தியிருப்பதுபோல இருந்தார்.

யோகம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாரி முழுக்க இறுப்பிட்டியில் அவளும் கூட்டாளி நேசம்மாவும் கண் எரிய எரியத் தைத்த லைஃப் ஜக்கெற்றுகள், ஆளை மிதக்கவைக்கும் சட்டைகள், காலடியில் மூட்டையாகக் கிடந்தன. நயினாதீவுத் திருவிழாவுக்குப் படகில் ஆட்களை ஏற்றும் லாஞ்சுக்காரர் சரவணமுத்து அவற்றை எடுப்பதாகச் சொல்லியிருந்தார், முத்திரை இருந்தால் மட்டும்.

"என்ன குறை கண்டனீங்கள் ஐயா?"

"குறை ஒண்டுமில்லை. தைச்சுப்போட்டீர், அதுதான். இலவம்பஞ்சு அடைச்சால் மேடும் பள்ளமுமாய் இருக்கும், மை பிடியாது. வெட்டின துணியாய்க் கொண்டு வந்திருக்க வேணும். பிரிச்சுக்கொண்டு வாரும், குத்திறன்."

"வெறுந்துணிக்கோ முத்திரை? மிதக்குதோ எண்டு பாத்தெல்லோ குத்த வேணும். நான் ஒவ்வொண்டிலையும் கல்லுக் கட்டிக் கடலிலை போட்டுப் பாத்தனான்."

"நீர் பாத்தது சட்டத்திலை இல்லை. பட்டணத்து ஆக்கள் துணியாய்த்தான் கொண்டு வந்தவை. ஒரே இருப்பிலை குத்திக் குடுத்தனான்."

"பிறகு அதுக்குள்ளை என்னத்தை அடைச்சவை எண்டு பாத்தனீங்களோ?"

"அது என்ரை வேலை இல்லை." மைப்பெட்டியைப் படாரென்று மூடிவிட்டு எழும்பினார். நயினாதீவில் கடைத் தராசுகள் பார்க்கிற அலுவல் அவருக்கு இருந்தது.

வெளியே தென்மேற்கிலிருந்து அடித்த சோளகக் காற்று கடலைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தது. லாஞ்சுக்கு இறங்கும் படியில் கால் வைத்த அப்புத்துரை, பக்கத்தில் நட்டிருந்த கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

லாஞ்சுக்குள் சரவணமுத்து பட்டணத்துச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "என்ன செய்ய, தங்கச்சி? முத்திரை இல்லாட்டி லாஞ்சை விடமாட்டினம்," என்றார், அவளுடைய முகத்தைப் பாராமல்.

இந்த முத்திரைக்கார மனிசனோடு கத்துவதைவிடக் கல்லோடு கத்தலாம். யோகம்மா இறங்குதுறை ஓரத்தில் குந்தி மூட்டையைத் திரும்பக் கட்டினாள்.

லாஞ்சின் கயிற்றை அவிழ்க்கும் முன்பே ஒரு அலை வந்து அதைத் தூக்கிப் போட்டது. உள்ளே ஏறியிருந்த அப்புத்துரை தலை தொடக்கம் கால்மட்டும் நனைந்துபோனார்.

"ஐயாவுக்கு நீந்தத் தெரியுமோ?" என்று கேட்டார் சரவணமுத்து.

அப்புத்துரை இல்லையென்று தலையாட்டினார். முகத்தில் இரத்தமில்லை.

"அப்ப இதைப் போடுங்கோ. இண்டைக்கு நடுக்கடல் இன்னும் மோசம்." சரவணமுத்து ஒரு பட்டணத்துச் சட்டையை நீட்டினார். அதன் நெஞ்சில் ஊதா முத்திரை வடிவாக விழுந்திருந்தது.

அப்புத்துரை அதை வாங்கினார். முத்திரையைப் பார்த்தார். சட்டையை இரண்டு கையாலும் அமத்திப் பார்த்தார். பிறகு அதை மெல்லக் கீழே வைத்துவிட்டுக் கரையில் இருந்த யோகம்மாவின் பக்கம் திரும்பினார்.

"அக்கா, அந்த முத்திரை இல்லாததிலை ஒண்டு தாங்கோ."