பதினைந்து நாள் இருமல்

"பேரு?" என்று கேட்டாள் நர்ஸ். பெஞ்சில் இருந்தவள் ஒரு பெயரைச் சொன்னாள். அது அவளுடைய பெயர் இல்லை.

"என்ன வேலை?"

"வீட்லதான் இருக்கேன்."

அதுவும் பொய். சொல்லி முடிப்பதற்குள் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பையிலிருந்து பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தாள். வந்து உட்கார்ந்ததிலிருந்து இது இரண்டாவது பாட்டில். இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு வாய் உலராமல் என்ன செய்யும்?

அவள் திருடியும் இல்லை, ஓடி ஒளிகிறவளும் இல்லை. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று ஊர் ஊராகக் காசநோய் ஆஸ்பத்திரிகள் நடத்துகிறது. கொடுத்த பணத்துக்கு ஒழுங்காக வேலை நடக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்து மதிப்பெண் போடுவதுதான் அவள் உத்தியோகம். ஆபீசில் அவளுக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். ஒட்டடை, ஒழுகும் குழாய், காலாவதியான மாத்திரை, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

ஆனால் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு போனால் எந்த ஆஸ்பத்திரியும் அன்றைக்கு மட்டும் பளபளக்கும். அதனால் இந்தத் தடவை மேலாளர் புது வழி சொல்லியிருந்தார். இல்லாத நோயை மனப்பாடம் செய்துகொண்டு, நோயாளி மாதிரியே போய் வரிசையில் உட்கார வேண்டும்.

மாட்டிக்கொண்டால் தீர்ந்தது கதை. இங்கிருந்து ஒரு போன் போனால் போதும், மற்ற ஆஸ்பத்திரிகள் எல்லாம் உஷாராகிவிடும். மொத்த ஆய்வும் பாழ், அவள் வேலையும் காலி.

அந்தப் பயம் ஒரு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. கைக்கடிகாரம் தொளதொளத்து முழங்கை வரை ஏறி இறங்கியது. "ராத்திரி பூரா எழுந்து எழுந்து நடக்குற. விட்டுத் தொலையேன் அந்த வேலையை" என்று காலையில்கூடக் கணவன் அலுத்துக்கொண்டான்.

"விரலை நீட்டுங்க" என்றாள் நர்ஸ்.

"எனக்கு இருமல்தானே?"

"இங்க வர்ற எல்லாருக்கும் பாக்குறதுதான்."

சுருக்கென்று குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கையளவுக் கருவியில் தொட்டு வைத்தாள். கருவியைப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள், அதை இரண்டு தட்டு தட்டினாள். பிறகு இன்னொரு விரலைப் பிடித்து மறுபடியும் குத்தினாள்.

'கருவி பழுது' என்று மனசுக்குள் ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தாள் பூதக்கண்ணாடி. அந்தக் கணத்தில் மட்டும் பயம் கொஞ்சம் விலகியிருந்தது.

டாக்டர் அறையில் அது வட்டியோடு திரும்பி வந்தது. அவர் குழாயடியில் நிதானமாகச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். இவள் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?"

"பதினஞ்சு நாளா இருமல் சார். சாயங்காலமானா காய்ச்சல். சாப்பாடே பிடிக்கலை."

இருமியும் காட்டினாள். அவள் காதுக்கே அது சகிக்கவில்லை. டாக்டர் மார்பிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

"இதுல சளியைத் துப்பிட்டு வாங்க."

இதற்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். இல்லாத சளிக்கு எங்கே போவாள்? தொண்டையைச் செருமினாள், காறினாள், ஒன்றும் வரவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்று பாட்டிலைக் கவிழ்த்தால் அதுவும் காலி. டாக்டர் அந்தக் காலி பாட்டிலையே பார்த்தார்.

நர்ஸ் உள்ளே வந்து கருவியை மேஜைமேல் வைத்து, அவர் காதில் ஏதோ கிசுகிசுத்தாள்.

"கதவைச் சாத்துங்க" என்றார் டாக்டர்.

பூதக்கண்ணாடி பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்."

"யா... யாரு சார்?"

"போன வாரம் ஒருத்தர் வந்தாரு. இதே பதினஞ்சு நாள் இருமல், இதே சாயங்காலக் காய்ச்சல், ஒரு வார்த்தை மாறலை. நோயோட வர்றவங்க என் முகத்தைத்தான் பாப்பாங்க. நீங்க ரெண்டு பேரும் என் கையைப் பாக்குறீங்க, கழுவுறேனா இல்லையான்னு."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "ஆமா சார். இருமல், காய்ச்சல், எல்லாம் நடிப்புதான். தயவுசெஞ்சு வெளியில சொல்லிடாதீங்க. என் வேலை போயிடும்."

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உங்க வேலையை நீங்க பண்ணுங்க. என் வேலையை நான் பண்றேன்."

போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைத் தூக்கித் தோளில் போட்டு, கதவை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். நர்ஸ் அசையவில்லை. கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உக்காருங்க. உங்களை இப்ப அனுப்புறதா இல்லை" என்றார் டாக்டர். அவர் குரலில் கோபமே இல்லை. அவள் உட்காராமல் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் சார்? அதான் எல்லாம் நடிப்புன்னு ஒத்துக்கிட்டேனே!"

டாக்டர் அந்தச் சின்னக் கருவியை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இருமலை நடிக்கலாம்மா. ரத்தத்துல நானூறு சர்க்கரையை நடிக்க முடியாது."