அம்மன் பேசிய பிரெஞ்சு

"ஒட்டிச் சொல்லாதீங்க சித்தி. பிரிச்சுச் சொல்லுங்க. நூ... பார்-லோன். 'நாம பேசுறோம்'னு அர்த்தம்."

"நூ பார்லோன்ஸ்."

"கடைசி 'ஸ்' வேண்டாம்."

"எழுதிருக்கேட்டி!"

"எழுதுவாங்க. ஆனா சொல்ல மாட்டாங்க."

"சொல்லாததுக்கு எதுக்கு எழுதுதானுவ? பாகல் பயலுவ, கிறுக்கனுவ."

கலைச்செல்வி சிரிக்கவில்லை. பிரான்ஸில் நர்ஸ் வேலை தயாராக இருந்தது. அப்பா பூலோகம்தான் விடவில்லை. "கோயில் கொடையில இசக்கியம்மன் உத்தரவு குடுக்கட்டும், பொறவு போ" என்றுவிட்டார். தாராவியில் அவர்கள் கோயிலில் சாமியாடி வாக்குச் சொல்வது சித்தி இசக்கிசெல்விதான். அதனால்தான் இந்த ரகசிய வகுப்பு. அம்மனே பிரெஞ்சு பேசிவிட்டால் அப்பா என்ன சொல்ல முடியும்?

"நெசமாவே அம்மன் எறங்கிட்டான்னா, அவ என்ன பேசுவான்னு எனக்கே தெரியாது பாத்துக்கோ" என்றாள் சித்தி.

கொடையன்று உச்சி வெயில். சித்தி தலைமுடியை விரித்துப்போட்டு ஆடினாள்.

"நூ பார்-லோன்... வூ பார்-லே..."

மேளக்காரர் கை தானாக நின்றது.

சித்தி மெதுவாகத் திரும்பி, கலைச்செல்விக்கு நேராக வேப்பிலையை நீட்டினாள். குரல் மாறியிருந்தது.

"த்யூ... மூர்-ரா."

கலைச்செல்வி ஓரடி பின்வாங்கினாள். இதை அவள் சொல்லிக் கொடுக்கவே இல்லை. 'நீ சாவாய்' என்று அர்த்தம். கடைசி எழுத்தை விழுங்கிய, அப்பழுக்கில்லாத உச்சரிப்பு. அங்கே வேறு யாருக்கும் அது புரியவில்லை.

"உத்தரவு கெடச்சாச்சு தாயி!" பூலோகம் மகள் நெற்றியில் திருநீறு பூசினார். "சந்தோசமா போயிட்டு வா."

"வேண்டாம்ப்பா... நான் எங்கயும் போகல."

அங்கிருந்தே ஏஜென்டுக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

பந்தல் காலியானதும் சித்தி முகத்து மஞ்சளைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சரியாச் சொன்னேனாட்டி? நீ சொல்லிக் குடுத்தது சட்டுனு வந்துட்டு. அந்த 'மூர்-ரா'தான் நாக்குல நிக்கவே இல்ல. 'மவளுக்கு என் ஆசீர்வாதம், இதையும் சேத்துச் சொல்லு'ன்னு, போன்ல ஒரு பொம்பள கொரலைப் போட்டுப் போட்டு, பிரிச்சுப் பிரிச்சு, நம்ம பாடத்தை ஒட்டுக்கேட்ட உங்கப்பாதான் பொறுமையாச் சொல்லிக் குடுத்தாரு!"