மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே

லிஃப்ட் நான்காம் மாடியைத் தாண்டி, மூன்றாம் மாடியைத் தொடாமல் நின்றது.

உள்ளே இருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்தில் முப்பத்தொரு வருஷம். அன்றோடு ஓய்வு. ஒப்படைக்க வேண்டிய சாவிக்கொத்தையும் பராமரிப்புப் புத்தகத்தையும் மேலேயிருந்து எடுத்துக்கொண்டு வழியனுப்புக் கூட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

தரைத்தளத்தில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள். மேனேஜர் என்ன பேசப்போகிறார் என்பது அவருக்கு மனப்பாடம்: இவர் கையில் இருந்தவரை இந்த லிஃப்டில் ஒருத்தரும் மாட்டிக்கொண்டதில்லை.

லிஃப்ட் நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. எத்தனையோ பேருக்கு அவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். பிரேக்கைப் பிடிப்பது மின்சாரமல்ல, ஸ்பிரிங். மின்சாரம் அந்த ஸ்பிரிங்கை விலக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கே எந்தக் கம்பி விட்டுப்போனாலும் ஸ்பிரிங் பாய்ந்து மோட்டாரைக் கவ்விக்கொள்ளும். கெட்டுப்போனால் இறுகும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

மனித உடம்பை அப்படிச் செய்யவில்லை. கெட்டுப்போனால் திறந்துகொள்கிறது.

ஆறு வருஷத்துக்கு முன்பு புராஸ்டேட்டில் புற்றுநோய். முப்பத்தேழு நாள் கதிர்வீச்சு. ஒருநாள்கூட வலிக்கவில்லை. முடிந்ததும் டாக்டர் கைகொடுத்தார், மனைவி அழுதாள், அவர் மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார்.

போன வருஷம்தான் ஆரம்பித்தது. அன்று கதிர் சுட்ட தழும்பு இப்போதுதான் இறுகுகிறது என்றார் டாக்டர். சிறுநீர்ப்பை வெயிலில் கிடந்த ரப்பர் மாதிரி விறைத்துவிட்டது. முன்பு பிடித்ததில் கால்பங்குகூட இப்போது பிடிக்காது. அவசரம் என்று தெரிந்த பிறகு அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு நிமிஷம். சில நாள் அதுவும் இல்லை.

அன்று காலையிலிருந்து அவர் தண்ணீர் குடிக்கவில்லை. அது தப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். குடிக்காவிட்டால் சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்தும். மெக்கானிக் மூளை கேட்கவில்லை. தொட்டியில் ஊற்றினால்தானே ஒழுகும்?

சிறுநீரை உறிஞ்சும் பேடும் வைக்கவில்லை. மனைவி எடுத்துத்தான் வைத்திருந்தாள். புது பேன்ட், வெளிர் சாம்பல் நிறம், வைத்துப் பார்த்தபோது பின்னால் புடைத்துத் தெரிந்தது.

"இன்னிக்கு ஒருநாளாவது மனுஷனா போறேன், விடு" என்று அதை அலமாரிக்குள் தள்ளிவிட்டு வந்தார்.

இப்போது அந்த வெளிர் சாம்பல், தொடைவரைக்கும் கருஞ்சாம்பல்.

விளக்கும் விசிறியும் தனி லைன். லிஃப்ட் நின்றாலும் ஓடும். கூரை விசிறிக்கு நேர் கீழே நின்று, துணி உடம்பில் ஒட்டாமல் இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். மெல்லிய துணி. கால் மணி நேரத்தில் ஓரளவு காயும்.

மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினார்கள். மைத்துனன். மனைவியின் தம்பி, நாற்பது வயது, இவரிடமே தொழில் கற்றவன். அன்று காலைமுதல் லிஃப்ட் அவன் பொறுப்பு.

"அத்தான்! உள்ள நீங்களா?"

"நான்தாம்ப்பா. நிதானமா பாரு. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

மேனேஜரும் கூடவே ஏறி வந்திருந்தார். அவர் குரல் கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது.

"என்னய்யா இது? அவர் இருந்தவரைக்கும் ஒரு தடவ நின்னுச்சா? நீ கை வச்ச, நின்னுபோச்சு!"

"காலைல கதவு கான்டாக்ட்ட மாத்தினேன் சார். சரியா உக்காரல போலருக்கு. என் தப்புதான்."

"மாட்டினதும் யாரு பாரு, அவரே! அந்த மனுஷனுக்கு நல்லா மரியாத பண்ணிட்ட போ. உன்ன வச்சுக்கலாமா வேணாமான்னே இப்ப யோசிக்கணும்."

கதவு மூடினால்தான் லிஃப்டை ஓடவிடும் அந்தக் கான்டாக்ட் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. மாட்டும்போது மெக்கானிக் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

சொல்ல வாயெடுத்தார். ஒரு வார்த்தை போதும்.

துணியைத் தொட்டுப் பார்த்தார். இன்னும் ஈரம்.

வாயை மூடிக்கொண்டார்.

"மெஷின் ரூம்ல பாத்துட்டு வரேன் அத்தான், பயப்படாதீங்க!" மைத்துனன் படியேறும் சத்தம் கேட்டது.

மெஷின் ரூம் ஏழாம் மாடிக்கு மேலே. அங்கே கன்ட்ரோல் பெட்டியில் வரிசையாக விளக்குகள். கதவு கான்டாக்ட் விட்டிருந்தால் ஒரு விளக்கு. வேறு எதனால் நின்றிருந்தாலும் அதற்கென்று ஒரு விளக்கு. எந்த விளக்குக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான்.

காலடியை எண்ணினார். ஐந்தாம் மாடி. ஆறு. நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க நின்றான்.

அவர் சாவிக்கொத்திலிருந்து சின்னச் சாவியைத் தேடி எடுத்து, பட்டன்களுக்குக் கீழே இருந்த தகட்டைத் திறந்தார். உள்ளே லிஃப்டை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச். கால் மணி நேரத்துக்கு முன்பு, முதல் சூடு தொடையில் இறங்கிய அந்தக் கணத்தில் அவர் கீழே தள்ளிவிட்ட அதே நிலையில் இருந்தது.

மேலே தூக்கினார். தகட்டைப் பூட்டி, தரைத்தளத்துக்கான பட்டனை அழுத்தினார்.

ஸ்பிரிங் விட்டுக்கொடுத்தது. லிஃப்ட் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறங்கியது. நல்ல லிஃப்ட்.

கதவு திறந்ததும் கைதட்டினார்கள். பராமரிப்புப் புத்தகத்தை இரண்டு கையாலும் இடுப்புக்குக் கீழே பிடித்தபடி அவர் வெளியே வந்தார். கொஞ்ச நேரத்தில் மைத்துனன் அத்தனை படியும் இறங்கி, மூச்சிரைக்க முன்னால் வந்து நின்றான்.

"மன்னிச்சிடுங்க அத்தான்."

"விடுப்பா" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "மொத நாள்ல இப்படித்தான் ஆகும். போகப் போகக் கத்துக்குவ."

மறுபடி கைதட்டல்.

முன்வரிசையில் மனைவி மட்டும் தட்டவில்லை. அவர் பிடித்திருந்த புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.