ஜெபத்தில் ஒரு பெயர்

ஆம்பூரில் இவாஞ்சலின் வீட்டில், இறந்துபோன மகன் ஜெர்சனுக்கு நினைவு ஜெபம். பாஸ்டர் இரண்டு பாட்டுப் பாடியும் வாடகை நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

ஒருவழியாக, அவளோடு வேலை செய்யும் ஷூ கம்பெனிப் பெண்கள் அழுது சிவந்த கண்களோடு வந்தார்கள். என் பிள்ளைக்காக இத்தனை கண்ணீரா என்று இவாஞ்சலின் உருகிப்போனாள்.

"ஏன் ஃபீபி, இவ்ளோ லேட்டு?"

"டிவியில அந்த நடிகர் கேஸை வச்சு எடுத்த சீரியல் இன்னிக்குத்தான் முடியுதுக்கா. உங்க ஜெர்சன் மேல அவர் காரை ஏத்துற சீனைக் காட்டினாங்க. அதை விட்டுட்டு எப்டி வர்றது?"



ஃபீபி கண்ணைத் துடைத்துக்கொண்டு பாஸ்டரிடம் திரும்பினாள்.

"ஜெயில்ல அவர் அழுததை எங்களால தாங்க முடியல ஐயா. ஜெபத்துல அவர் பேரையும் சேத்துக்கங்க. பாவம், நல்ல மனுஷன்."