திரும்பிப் பார்க்கக் கூடாது

மாரடைப்பிலிருந்து மீண்ட கணக்காளர், டாக்டர் தலையாட்டியதும் முதல் மாரத்தானுக்குத் தயாரானார். "என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்காம ஓடுங்க சார்" என்ற பயிற்சியாளரின் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

தினமும் காலையில் ஓடிவிட்டு வீடு வந்தால், மனைவி வியர்க்க விறுவிறுக்கக் கதவைத் திறப்பாள்.

"ஒரு நாளாவது கூட வந்து பார்த்தியா? எப்பப் பாரு அடுப்படி!"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி கலக்கப் போய்விடுவாள்.

போட்டியன்று எல்லைக்கோடு கண்ணில் பட்ட நேரம், கால் பின்னித் தடுமாறினார். பின்னாலிருந்து ஒரு கை தாங்கிப் பிடித்தது. மனைவி! அவள் நெஞ்சிலும் போட்டி எண்.

"இவ்வளவு தூரம் நீ எப்படிடி ஓடினே?"

"தினமும் உங்க பின்னாடியேதானே ஓடினேன்? நெஞ்சு மறுபடி மக்கர் பண்ணினா தாங்க ஆள் வேணாமா? வீட்டுக்கு வர்றப்ப மட்டும் குறுக்குச் சந்துல முந்திடுவேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா திரும்பித் திரும்பிப் பார்ப்பீங்களே!"