மார்பில் கட்டிய மல்லிகை

பிள்ளை பெற்று ஆறு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பிய சீனியம்மாளின் ஜாக்கெட்டில் பால் கசிந்து பஞ்சு ஒட்டியிருந்தது. "இது மில்லா, மாட்டுத் தொழுவமா? வத்துன பெறகு வா" என்று சூப்பர்வைசர் விரட்டிவிட்டான். பால் வற்றுவதற்காக, கொல்லையில் அவளே வைத்து வளர்த்த மல்லிகையின் மொட்டுகளைப் பறித்து நான்கு நாள் மார்பில் வைத்துக் கட்டினாள். ஐந்தாம் நாள் காலை பிள்ளை சப்பிப் பார்த்தது. ஒன்றும் வராமல், முளைத்திருந்த ரெண்டு பல்லாலும் கடித்து இழுத்தது. ரத்தம் வந்தது. பிள்ளையைப் புருஷன் மடியில் போட்டுவிட்டு அரிவாளோடு போனவள், செடியைத் தூரோடு வெட்டினாள். விழுந்து கிடந்ததையும் வெட்டினாள்.

"கிறுக்கச்சி, செடி என்னடி பண்ணுச்சு?" என்றான் புருஷன்.

"அது ஒண்ணும் பண்ணல."

மில் சங்கு ஊதியது. அரிவாளைத் துடைத்து, சோற்றுப் பையில் தூக்குவாளிக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு நடந்தாள்.